மிஸ்ஸுக்கு நான் மாற்றி அனுப்பிய பாட்டு

போன வருடம் கார்த்திகை மாதம், செவிலிமேட்டில் என் மகள் படிக்கிற பள்ளியில் நடந்தது இது. அப்போது அவள் நாலாம் வகுப்பு. எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில். என் கணவருக்குச் சொந்தத் தறி. நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டையும் மகளையும் பார்த்துக்கொள்கிறேன்.

என் மகள் வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள். வகுப்பில் மட்டும் ஒரு வார்த்தை வராது. ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் "நல்லா எழுதறா, ஆனா பேசவே மாட்டேங்கறா" என்று கேட்டுவிட்டு வருவேன். போனைக் காட்டிச் சோறு ஊட்டியதாலா, சின்ன வயதில் அதட்டியதாலா என்று வீடு வரும் வரை என்மேலேயே குற்றம் தேடிக்கொண்டு வருவேன்.

அந்த வருடம் ஒரு புது மிஸ் வந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைப் பாட்டு நேரம் ஆக்கினார். வாரம் நாலு பிள்ளைகள். சினிமாவோ, கச்சேரியோ, இங்கிலீஷோ, தங்களுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி. முந்தின நாளே பெற்றோர் அதை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட வேண்டும். மிஸ் அதை ஸ்பீக்கரில் போடுவார். அந்தப் பிள்ளை எழுந்து நின்று, அது ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை என் மகள் பையைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"அம்மா, இந்த வாரம் நானு. நானே கை தூக்கினேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பாட்டு என்று கேட்டேன். சொன்னாள். கலங்கிய கண் அப்படியே காய்ந்துவிட்டது.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தறியில் உட்கார்ந்தால் என் கணவருக்குப் பாட்டு ஓட வேண்டும். புடவையின் உடல் பகுதி வெற்றாக ஓடும்போது வேகமான பாட்டு. கால் தானாக மிதியில் ஓடும். முந்தானைப் பகுதியை முந்தி என்போம்; அது வந்துவிட்டால் வேகம் ஆகாது. அங்கே ஒவ்வொரு இழையையும் பார்த்துப் பார்த்து விட வேண்டும். கால் பாட்டோடு ஓடினால் டிசைன் கெட்டுவிடும். அதனால் வீணை, புல்லாங்குழல், இந்திக் கஜல் என்று மெல்லப் போகிறதாகப் போடுவார். இழை அறுந்தால் பாட்டு உடனே நிற்க வேண்டும். முனையைத் தேடி முடிச்சுப் போடும் வரை அந்த அறையில் சத்தமே இருக்காது. பள்ளி விட்டு வந்ததும் போனோடு தறிப் பக்கத்தில் உட்காருவது என் மகள்தான். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தே பாட்டை மாற்றுவாள், நிறுத்துவாள்.

அவள் சொன்னது, உடல் நெய்யும்போது ஓடுகிற ஒரு கானாப் பாட்டு. பஸ்ஸைத் தவறவிட்டவன் ஒருவன் வீட்டில் திட்டு வாங்குகிற கதை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நடுவில் ஒரு வரியில் 'கட்டிங்' என்று குடிப் பேச்சு வரும்.

"அந்த லைன் வர்றதுக்குள்ள நிறுத்திடுவேம்மா. எனக்குத் தெரியும்" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் குழுவைப் பார்த்தேன். ஒருவர் கர்நாடக சங்கீதக் கீர்த்தனை அனுப்பியிருந்தார். இன்னொருவர் பியானோ. மூன்றாவது ஒரு சர்ச் பாட்டு. எல்லாவற்றுக்கும் கீழே கைகூப்பும் படங்கள், பூக்கள். எங்கள் கானாவை அதற்குக் கீழே வைத்துப் பார்த்தேன். என்ன வீடு இது என்று நினைப்பார்கள். மிஸ் கூப்பிட்டுக் கேட்பார். பிள்ளைகள் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள், அதோடு இவள் வாய் மொத்தமாக மூடிக்கொள்ளும். பாட்டைத் தேர்ந்தெடுத்தேன், அழித்தேன், மறுபடி தேர்ந்தெடுத்தேன். கடைசியில் முந்தி நெய்யும்போது ஓடுகிற வீணை இசை ஒன்றை அனுப்பிவிட்டேன். இதுவும் அவள் தினம் கேட்பதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஸ்கூட்டியில் என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே வந்தது. "எனக்குப் பிடித்த பாட்டு... எங்க நைனா..." என்று ஆரம்பித்து, "எங்க அப்பா" என்று திருத்திக்கொண்டாள். பள்ளியில் நைனா என்று சொல்லாதே என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். இப்போதாவது சொல்லிவிடு, இந்தத் திருப்பம் தாண்டியதும் சொல்லிவிடு என்று நினைத்துக்கொண்டே கேட் வரை போய் இறக்கிவிட்டேன். கை ஆட்டிவிட்டு ஓடினாள்.

வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியை இரண்டு முறை களைந்தேன். மத்தியானம் தாங்க முடியாமல் என் கணவரிடம் சொன்னேன். அவர் தறியை நிறுத்தினார்.

"ஏம்மா, பாப்பாகிட்ட சொன்னியா?"

"இல்லைங்க. சொன்னா அழுவா."

"அங்க போய் நின்னா மட்டும் சிரிக்குமா? நாலு நாளா பேசிப் பேசிப் பாத்துக்கினு இருக்குது அது. நீ இன்னாடான்னா வேற பாட்டைக் குடுத்துட்டு வந்து என்கிட்ட சொல்ற."

உடனே மிஸ்ஸின் எண்ணுக்குச் சரியான பாட்டை அனுப்பினேன். ஒற்றை டிக். பத்து நிமிடம் கழித்தும் ஒற்றை டிக். வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் மாலை போட்டவர்களின் வேன்கள் கோயில் பக்கம் திரும்ப முடியாமல் நின்றன. இரண்டு வேனுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசிப் பீரியடுக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி வாட்ச்மேன், "இன்னாமா, பெல்லுக்கு இன்னும் நேரம் இருக்குதே" என்றார். மிஸ்ஸைப் பார்க்க வேண்டும், அவசரம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

வராந்தாவிலேயே வீணை கேட்டது. கதவோரம் நின்று பார்த்தேன். என் மகள் எழுந்து நின்று ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்குப் பிடிச்ச பாட்டுதானே? ஒரே ஒரு வரி சொல்லுமா" என்றார் மிஸ். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அது பேசாது மிஸ்" என்றான். சிரிப்பு.

உள்ளே போனால் அவளுக்கு அவமானமா, போகாவிட்டால்தான் அவமானமா? வாசலில் செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். பிறகு உள்ளே போய்விட்டேன்.

"மிஸ், இது அவ குடுத்த பாட்டு இல்லை. நான்தான் மாத்தி அனுப்பிட்டேன். அவளுக்கே தெரியாது."

முப்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். என் மகளும் பார்த்தாள். அவள் அழவில்லை. மிஸ் பக்கம் திரும்பி, "பாட்டை நிறுத்துங்க மிஸ்" என்றாள்.

மிஸ் நிறுத்தினார். இழை அறுந்ததும் எங்கள் தறி அறை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த வகுப்பு.

"இது முந்திப் பாட்டு" என்றாள். "இதைப் போட்டா எங்க நைனா ஒரு நாளைக்கு இத்தனூண்டுதான் நெய்வாரு." விரலால் அளவு காட்டினாள். யாரோ சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். "எனக்குப் பிடிச்சது உடல் பாட்டு. அதுக்குக் கால் ஓடணும்."

எல்லோரையும் பெஞ்சுக்கு அடியில் இடதுகால், வலதுகால் என்று மாற்றி மாற்றி மிதிக்கச் சொன்னாள். என் போனைக் கேட்டு வாங்கினாள். கானா ஓடியது. அறுபது கால்களின் சத்தத்தில் பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வரி வருவதற்குச் சரியாக முன்னால் அவள் விரல் இறங்கியது. பாட்டு நின்றது.

"ஏய், ஏன்பா நிறுத்தின?" என்று கத்தினான் அதே பின் பெஞ்சுப் பையன்.

"இழை அறுந்துடுச்சி" என்றாள்.

மிஸ்ஸே சிரித்துவிட்டார். பியானோ இசையைத் தேர்ந்தெடுத்திருந்த சிறுமி, "அப்போ என்னுது இன்னா பாட்டு?" என்று கேட்டாள். என் மகள் கொஞ்சம் யோசித்து, "முந்திதான். ஆனா ஜரிகை கம்மி" என்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது, வீட்டுத் தெரு வந்ததும் ஸ்கூட்டியில் பின்னாலிருந்து கேட்டாள்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"பயந்துட்டேன்டா."

"பாட்டுக்கா?"

வண்டியை நிறுத்திவிட்டு அவள் பையை வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. ரொம்பப் பேசுகிறாள் என்று சொல்ல மாட்டேன். கேட்டால் பதில் சொல்கிறாள். ஆனால் பள்ளிக்கு நான் எதை அனுப்பினாலும், "காட்டு" என்று போனைத் தன் பக்கம் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறாள். அந்தத் தலையாட்டலுக்காக அனுப்புகிற பட்டன்மேல் விரலைத் தூக்கி வைத்துக் காத்திருக்கும்போதெல்லாம், அவள் பேச வேண்டுமே என்று தவித்த நானே அவள் பேச வந்த அன்று குறுக்கே நின்றேன் என்பது நினைவுக்கு வருகிறது.