நேப்பிள்ஸைப் பார்க்க மறுத்தவர்

ஊர் சுற்றிக் காட்டுகிறவன் ஊரைப் பார்ப்பதே இல்லை. பஸ்ஸில் தலைகளை எண்ணவும் கழிப்பறை இருக்கும் பக்கம் கை காட்டவுமே அவனுக்குப் பொழுது சரியாக இருக்கும். துபாய் கராமாவில் ஒரு டிராவல்ஸில் டூர் லீடராக இருந்தபோது, பெருநாள் லீவு வந்தால் நம் தமிழ்க் குடும்பங்களை இத்தாலிக்குக் கூட்டிப் போவேன். இப்போது அதே ஆபீஸில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து டிக்கெட் போடுகிறேன். கால்வலி இல்லை, யாரும் திட்டுவதும் இல்லை. இருந்தும் அந்தப் பஸ்ஸை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. நாலு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போய் மாட்டிக்கொண்டவர்களுக்குக்கூட நான் சொல்வது புரியும். இது என் கடைசிப் பயணத்தின் கதை.

கோட்டைக்கு அடியில் முட்டை

எமிரேட்ஸ் நாட்டில் நாம் எல்லோரும் போனில் வைத்திருக்கும் ஆப்பில் வீடியோ கால் போகாது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் இறங்கியதும் அது போகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார். அதோடு என் பிழைப்பு கெட்டது. கடலோரக் கோட்டையின் முன் நான் கதை சொன்னபோது எதிரில் ஒரு முகம்கூட இல்லை. எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி, போனில் தெரியும் சொந்தக்காரர்களுக்குக் கோட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோட்டைக்கு அடியில் ஒரு முட்டை ஒளித்து வைத்திருப்பதாகவும், அது உடைந்தால் நகரமே அழிந்துவிடும் என்றும் ஒரு பழைய நம்பிக்கை. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எங்கள் குழுவில் ஷார்ஜாவில் ஆசிரியையாக இருக்கும் கலாவதி டீச்சரும் இருந்தார். அவர் போனுக்குள்ளிருந்து, கும்பகோணத்தில் இருக்கும் அவருடைய மாமியார் கேட்டார்: "தம்பி, அது அவிச்ச முட்டையா, பச்சை முட்டையா?"

ஜன்னல் திரை

அந்தக் கூட்டத்தில் போனைத் தூக்காதவர் ஒருவர்தான். சுப்பையா அண்ணன், அருப்புக்கோட்டைக்காரர், ருவைஸ் எண்ணெய் ஆலையில் பைப் ஃபிட்டர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இருபத்தைந்து வருடம் தொழிலாளர் கேம்பிலேயே காலம் தள்ளியவர். அடுத்த மாதம் விசாவை கேன்சல் பண்ணிவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். அதற்கு முன்னால் மனைவி பஞ்சவர்ணத்தோடு ஒரே ஒரு வெளிநாடு பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் புக் பண்ணியிருந்தார். மனைவியின் பாஸ்போர்ட் காலாவதியாகப் போவதை அவர் கவனிக்கவில்லை. அதனால் மனைவிக்கு விசா கிடைக்கவில்லை. "நீங்களாவது போயிட்டு வாங்க" என்று மனைவி சொல்ல, மனிதர் கிளம்பி வந்துவிட்டார்.

கல்யாணமான ஆண்களே, உங்களுக்குத் தெரியும், அங்கே கிளம்பியிருக்கக் கூடாது. துபாய் ஏர்போர்ட்டிலிருந்து போன் அடிக்கிறார், அடிக்கிறார், அந்த அம்மா எடுக்கவே இல்லை. அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். பஸ்ஸில் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டார். நேப்பிள்ஸ் வளைகுடாவும் வெசுவியஸ் எரிமலையும் ஒரே பார்வையில் தெரியும் திருப்பத்தில் நானே போய்த் திரையை விலக்கினேன். கண்ணை மூடிக்கொண்டார். "அவ பாக்காதத நான் மட்டும் பாத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுகிட்டு வீட்டுக்குப் போறது தம்பி?"

பைன் மரத்தடி

மறுநாள் பொம்பெய். எரிமலைச் சாம்பலில் புதைந்து, பிறகு தோண்டி எடுக்கப்பட்ட பழைய ஊர். எல்லோரும் உள்ளே போனார்கள். அண்ணன் வாசலில் ஒரு பைன் மரத்தடியில் எல்லாருடைய பைகளுக்கும் காவலாக உட்கார்ந்துகொண்டார். பாதியில் திரும்பி வந்து அவருக்குத் தூண்டில் போட்டேன். உள்ளே தெருவோரத்தில் ஈயக் குழாய்கள் இருக்கின்றன, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு வீடு தண்ணீர் போன குழாய்கள் என்றேன்.

மனிதர் எழுந்துவிட்டார். நுழைவாயில் வரைக்கும் போய், அங்கே சற்று நின்றுவிட்டு, திரும்பி வந்து பழையபடி உட்கார்ந்தார். பாவமாக இருந்தது எனக்கு. "ஜாயின்ட் எப்படி அடிச்சிருக்கான்? வேணாம், சொல்லிறாதீங்க தம்பி."

தெரியாத நம்பர்

கடைசி நாள் ஷாப்பிங், ராத்திரி ஃபிளைட். காலைச் சாப்பாட்டின்போது கலாவதி டீச்சர் பொறுக்க முடியாமல் அண்ணனிடம் நம்பரை வாங்கித் தன் போனிலிருந்து அடித்தார். தெரியாத நம்பர் என்பதால் அந்த அம்மா எடுத்துவிட்டார். டீச்சர் போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார். அண்ணன், நான் எதையுமே பார்க்கவில்லை, திரையைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன், மரத்தடியில்தான் இருந்தேன் என்று பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி ஒப்பித்தார்.

பஞ்சவர்ணம் அம்மா சொன்னார்: "கோவமாத்தான் இருந்தேன். இப்ப அதவிடக் கோவம் வருது. இருவத்தஞ்சு வருசமா நீங்க சொல்லித்தான நான் எல்லாத்தையும் பாத்தேன்? ஒண்ணுமே பாக்காம வந்து எனக்கு என்னத்தச் சொல்லுவீங்க?"

லோக்கல் ட்ரெயின்

கூட்டத்தைக் கடைத்தெருவில் டீச்சர் பொறுப்பில் விட்டுவிட்டு, அண்ணனை லோக்கல் ட்ரெயினில் மறுபடியும் பொம்பெய்க்கு அழைத்துப் போனேன். அவர் போட்டோ எடுக்கவில்லை. குழாயருகே குந்தி உட்கார்ந்து, ஜாயின்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். காவலாளி அதட்டினார், அதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ரொட்டிச் சூளையை, சுவர்ச் சித்திரங்களை, தெருவில் தூங்கிய நாயை, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தார். திரும்பும்போது ட்ரெயின் ஜன்னலில் கடல் வந்தது. என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார்.

ஏர்போர்ட்டில் அந்த அம்மாவே கூப்பிட்டார். என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள் என்று கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. அண்ணன் வெட்கத்தோடு சிரித்தார். "எல்லாத்தையும் போன்லயே சொல்லித் தீத்துட்டா, அடுத்த மாசம் வந்து ஒங்கிட்ட என்ன பேசுறது?"

ஊர் பார்க்க என்று ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிப் போனேன். ஊரைப் பார்த்தது என்னவோ, பார்க்கவே மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு வந்தவர் ஒருவர்தான்.