நூற்றுப்பதினெட்டாம் நம்பர் புளியமரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையின் புளியமரங்களைப் பதினோரு வருஷம் விடாமல் ஏலத்தில் எடுத்தவர் மெஹ்ராஜ் பேகம். கணவர் சாதுல்லா மௌத்தாகி அடக்கம் செய்த வருஷம் அவரே ஏலத்துக்குப் போய் நின்றபோது, இந்தம்மா என்ன மரமேறிப் புளி உலுக்கப் போகிறதா என்று கடைத்தெருவே சிரித்தது. சிரித்தவர்கள் பிறகு அவரிடமே புளி வாங்கினார்கள். பேகம் மரமேறவில்லைதான். ஆனால் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்பு தேயத் தேய அந்தச் சாலையை நடந்தே அளந்தார். ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயின்டால் நம்பர் எழுதியிருப்பார்களே, அந்த நம்பரைச் சொன்னால் போதும், மரத்தின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். எது தித்திப்பு, எதில் பூச்சி, எது வஞ்சனையில்லாமல் காய்க்கும் என்று எல்லாம் மனப்பாடம். "அறுவத்திரண்டா? அது பொண்டாட்டிகிட்ட கோவிச்சிக்கினவன் மாதிரி. ஒரு வருசம் பேசும், ஒரு வருசம் பேசாது" என்பார்.

இந்த அம்மாள்தான், தமிழ்நாடே தேடிய ஒரு சினிமா நடிகரை ஓர் அடிக்கட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அளப்பு இல்லை. நடந்தது இதுதான்.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறக்கிற சமயம். இட ஒதுக்கீடு கேட்டு வியாழக்கிழமை விடிகாலையிலிருந்து ஒரு வாரத்துக்குச் சாலை மறியல் என்று ஊர் ஊராகச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை மத்தியானமே பஸ்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நடிகர் கலாதரன் காரில் வந்தார். கச்சிராயபாளையத்தில் அவருடைய ரசிகர் மன்றத் தலைவருக்கு மறுநாள் கல்யாணம். பத்து நாளாகச் சுவரெல்லாம் 'அருவி நாயகனே வருக' என்று போஸ்டர். நாலு வருஷத்துக்கு முன்னால் கல்வராயன் மலையில் ஒரு படம் எடுத்தபோது, அருவி உச்சியிலிருந்து டூப் போடாமல் தானே குதித்ததாக அவர் பேட்டி கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. டிரைவர் காரை நிறுத்திவிட்டு, மரத்தைப் புரட்ட ஆள் கூப்பிடப் பக்கத்து ஊருக்கு ஓடினார். திரும்பி வந்தால் கார் இருக்கிறது, உள்ளே பெட்டி இருக்கிறது, நடிகரைக் காணோம்.

விடிந்ததும் மறியல் ஆரம்பித்து, அதே சாலையில் இன்னும் முப்பத்தேழு மரம் விழுந்தது. போலீசுக்கு வேலை சுலபமாகப் போயிற்று. மறியல்காரர்கள் ஒரு நாள் முன்னதாகவே தொடங்கி நடிகரைத் தூக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டினார்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்து முகாம் போட்டிருந்த ஓர் இன்ஸ்பெக்டர், கோடாலியும் கையுமாக நின்ற பிச்சைமுத்துவைப் பிடித்து உள்ளே வைத்தார். பிச்சைமுத்து, பேகத்திடம் புளி உலுக்குகிறவன். மரத்தில் ஏறினால் குரங்கு தோற்கும், தரையில் வாயில்லாப் பூச்சி. மறியலில் ரெண்டு மரம் வெட்டினேன் என்று அவனே ஒத்துக்கொண்டான். நடிகர் எங்கே என்றுதான் அவனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுக்குள் சொல்லாவிட்டால் கடத்தல் கேஸ் போட்டுக் கடலூருக்கு அனுப்பிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் கெடு வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பிச்சைமுத்துவின் மனைவி செவ்வந்தி பேகத்தின் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"பாயம்மா, அவுரு கால் ரெண்டும் வீங்கிக் கெடக்குது. கடலூருக்கு இட்டுக்கினு போயிட்டா நான் எங்க போய்த் தேடுவேன்?"

பேகம் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? எந்தெந்த மரத்தை வெட்டினான் என்று முதலில் கேட்டார். ஐம்பத்தைந்தும் ஐம்பத்தாறும் என்றாள் செவ்வந்தி. படுபாவி, ஐம்பத்தைந்து சர்க்கரையாக இனிக்குமே, என் மரத்தை வெட்டிவிட்டு என்னிடமே ஆளனுப்புகிறானா என்று ஒரு மூச்சு திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினார். அவனை வீட்டுக்குக் கொண்டுவராமல் நான் கஞ்சி குடிக்கப் போவதில்லை, கிளம்பு என்றார்.

இரண்டு பேரும் சாலையில் நடந்தார்கள். பேகத்துக்கு அது மையத்து கிடக்கிற வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. பூவும் பிஞ்சுமாக மரங்கள் குப்புறக் கிடந்தன. ஆனால் துக்கத்திலும் அவர் கண் வேலையை விடவில்லை. விழுந்த மரமெல்லாம் கோடாலி வெட்டு. நாலு பேர் நாலு பக்கம் நின்று அவசரத்தில் கொத்தியதில் அடிக்கட்டை நாய் கடித்த கரும்பாக இருந்தது, சுற்றிலும் சிராய்த்தூள். ஒவ்வொரு கட்டையையும் தொட்டுப் பார்த்து நம்பரைச் சொல்லிக்கொண்டே போனவர், நடிகரின் காரை மறித்த மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

நூற்றுப்பதினெட்டாம் நம்பர். ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் நின்ற இளமரம். அதைக் கோடாலி தொடவே இல்லை. ரம்பத்தால் தரையோடு ஒட்டி, சமமாக அறுத்திருந்தது. அறுத்த வாயில் பசுஞ்சாணியை மண்ணோடு குழைத்து வழித்துப் பூசி, நடுவில் அதே மரத்தின் கொழுந்து ஒன்றைச் செருகியிருந்தது. கொழுந்து வாடியிருந்தது. ரோட்டோரத்துச் சாணிதானே என்று போலீஸ்காரர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

பேகம் குனிந்து அந்தச் சாணியைத் தொட்டுப் பார்த்தார். இப்படிச் செய்கிற ஆளை அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறார். மலைமேல் இருக்கிற மரம் அறுப்பவர் சின்னக்கண்ணு. உலுக்குகிற பருவத்துக்கு முன்னால் வருஷா வருஷம் இறங்கி வந்து பட்டுப்போன கிளைகளைக் கழித்துக் கொடுப்பார். தப்பித் தவறிப் பச்சைக் கிளை ஒன்றில் ரம்பம் பட்டுவிட்டால், சாணி தேடிப் போய்விடுவார். எதுக்கு இந்த வேலை என்று பேகம் ஒருதரம் கேட்டதற்கு, "வலிக்குமில்ல?" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

இன்னொன்றும் பேகத்துக்கு உறைத்தது. நூற்றுப்பதினெட்டு ஒருநாளும் காய்க்காத மரம். மறியல்காரர்கள் கைக்கு எட்டியதை வெட்டினார்கள். இந்த மனுஷன், பேகத்துக்கு நஷ்டம் வரக் கூடாதென்று மலட்டு மரமாகப் பார்த்து அறுத்திருக்கிறார். ஆளைத் தூக்க வந்த இடத்தில் இப்படி ஒரு மரியாதையா? பேகம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சின்னக்கண்ணுவின் தம்பி அந்தப் படம் எடுத்த வருஷம் அருவியில்தான் செத்தான். கால் தவறி விழுந்தான் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அருவி நாயகன் என்ற போஸ்டர் அவர் கண்முன்னால் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டரிடம் போனார். பேரைச் சொல்லவில்லை. துப்பாக்கியோடு மலையேறினால் யார் உயிர் மிஞ்சும் என்று யாருக்குத் தெரியும்? நூற்றுப்பதினெட்டு ரம்பத்தில் அறுத்த மரம், பிச்சைமுத்துவுக்கு ரம்பம் பிடிக்கவே தெரியாது என்று மட்டும் சொன்னார். சாணியைப் பார்த்து ஆளை விடச் சொல்கிறாயா என்று அவர் சிரித்தார். சரி, நாமே போவோம் என்று சனிக்கிழமை காலை பேகமும் செவ்வந்தியும் மலைப்பாதையில் கால் வைத்தார்கள்.

சின்னக்கண்ணுவின் வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தாள். அருவிக்கு மேலே இருக்கிற சாமைக் கொல்லைக்குக் காவலுக்குப் போனவர் மூன்று நாளாக வரவில்லை என்றாள். அருவி சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். மேலே போய் நின்றதும் பேகம் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அப்பேர்ப்பட்ட தண்ணீர் பாறை விளிம்பில் வந்து, ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நின்று, அப்படியே கீழே போனது. கீழே புகைதான் தெரிந்தது. யா அல்லா, இதிலிருந்தா ஒரு பிள்ளையைக் குதிக்கச் சொன்னார்கள் என்று முணுமுணுத்தார்.

பாறை மேல் நடிகர் உட்கார்ந்திருந்தார். போஸ்டரில் பனை உயரம், இங்கே ஒடுங்கிப் போய் ஒரு கைப்பிடி. வெறும் கால், கொப்புளம், மூன்று நாள் தாடி. கட்டிப்போடவில்லை. பத்தடி தள்ளிச் சின்னக்கண்ணு ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பேகத்தைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

"சாணிய பாத்துட்டியா பாயம்மா?"

"பாத்தேன்."

"வேணாம்னுதான் நெனச்சேன். காரு வர்ற வரைக்கும் சும்மா குந்திக்கினு இருந்தேனா, கை கேக்கல."

மறியல்காரர்கள் தடியோடு வருகிறார்கள், குறுக்கு வழியில் பங்களாவில் விடுகிறேன் என்று சின்னக்கண்ணு கூப்பிட்டிருக்கிறார். நடிகர் நம்பி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறார். இங்கே வந்ததும், அன்று இந்த இடத்திலிருந்து குதித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் நடிகர். அப்படியானால் இன்னொருதரம் குதி என்றார். நடிகர் விளிம்பில் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மலைக்காரப் பையன் குதித்தான், நான் பொய் சொன்னேன் என்று அப்புறம் ஒத்துக்கொண்டார். அவன் பேரைச் சொல், போய்விடு என்றார் சின்னக்கண்ணு. அதுதான் நடிகருக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதே இல்லை. வீடு தருகிறேன், வேலை தருகிறேன் என்றார். வாயில் வந்த பெயரையெல்லாம் சொன்னார். சின்னக்கண்ணு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நாளைக் காலைவரை பார்ப்பேன், பேரு வராவிட்டால் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் குதிப்பேன் என்றார் பேகத்திடம், சாமைக்குக் களை எடுக்கப் போகிறேன் என்கிற மாதிரி.

செவ்வந்தி பொறுக்க மாட்டாமல், உன்னால் என் புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான் என்று கத்தினாள். சின்னக்கண்ணுவின் முகம் செத்துப்போயிற்று. அவருக்கு அது தெரியாது. இத்தனை மரத்துக்கு நடுவில் ஒரு மரம், யாரையும் பிடிக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். பேரு வரட்டும், நானே இறங்கி வருகிறேன் என்றார்.

நடிகர் தவழ்ந்து வந்து பேகத்தின் காலடியில் விழுந்தார். "அம்மா, உங்களுக்குத் தெரியும்தானே? காதுல சொல்லுங்கம்மா. ஒரு வார்த்தை."

பேகத்துக்குத் தெரியும். அந்தப் பையன் அண்ணனோடு வந்து அவர் வீட்டில் சோறு தின்றவன். பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் பிச்சைமுத்து வீட்டுக்கு வந்துவிடுவான், கதை முடிந்தது. செவ்வந்தி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். ஆனால் பேகம் சொல்லவில்லை. காதில் ஓதிக் கொடுத்தால் தப்பிக்கிறதுக்கு ஒரு வார்த்தை கிடைக்கும், செத்தவன் பெயர் கிடைக்காது என்று அவருக்குப் பட்டது.

"மூணு நாளா எத்தினி பேரு சொன்னீங்க. ஒருதரமாவது அவர கேட்டீங்களா, உன் தம்பி பேரு இன்னான்னு?"

 நடிகர் மெதுவாகத் திரும்பினார். சின்னக்கண்ணுவின் முன்னால் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை குரலில் நடிப்பு இல்லை.

"உங்க தம்பி பேர் என்னங்க?"

சின்னக்கண்ணு ரம்பத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "வெள்ளையன்" என்றார். சொல்லிவிட்டு, நாலு வருஷமாக அழாத மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். நடிகர் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன வயசு என்று கேட்டார். பத்தொன்பது. அப்புறம் அவராகவே ஒன்றைச் சொன்னார். குதிப்பதற்கு முன்னால் அந்தப் பையன், டூப்புக்காகப் போட்டுவிட்ட சட்டையைப் பிறகு வைத்துக்கொள்ளட்டுமா என்று தன்னிடம் கேட்டானாம், வைத்துக்கொள் என்றாராம்.

"செவப்புச் சட்ட" என்றார் சின்னக்கண்ணு. "அதோடதான் பொதச்சோம்."

 கொல்ல வந்தவரும் சாக இருந்தவரும் ஒரு செத்த பிள்ளையைப் பற்றிச் சொந்தக்காரர்கள் போலப் பேசிக்கொண்டிருந்ததைப் பேகம் சாகிறவரை மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது, நானாகத்தான் மலைக்குப் போனேன், யாரும் கடத்தவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றார் நடிகர். பேகத்துக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. சின்னக்கண்ணுதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏற்கெனவே ஒரு பொய் சொன்ன. அதுலயே ஒரு ஆளு காணாம பூட்டான்" என்றார். முகாமில் நேராகப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, இட்டுக்கொண்டு போனவன் நான், பேரு சின்னக்கண்ணு, எழுதிக்கோ, பிச்சைமுத்துவை விடு என்றார். வெளியே நின்ற பத்திரிகைக்காரர்களிடம் நடிகர், அருவியில் குதித்தது நானில்லை, வெள்ளையன் என்று சொன்னார். பிச்சைமுத்து நொண்டிக்கொண்டு வந்தான். ஐம்பத்தைந்தாம் மரத்துக்காக அங்கேயே அவனைப் பேகம் நாலு வார்த்தை திட்டினார், திட்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சின்னக்கண்ணுவுக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. கடலூர் ஜெயிலுக்கு மனு போட்டுப் பேகம் பார்க்கப் போனார். நூற்றுப்பதினெட்டின் கட்டையில் துளிர் விட்டிருக்கிறது என்றார். சின்னக்கண்ணு தலையை ஆட்டிக்கொண்டார். புளி கட்டுவதற்கு வாங்கிய பழைய பேப்பரிலிருந்து கத்தரித்து வைத்திருந்த துண்டைப் பேகம் கம்பிக்குள் நீட்டினார். நடிகர் சொன்னது அதில் அச்சாகியிருந்தது. சின்னக்கண்ணுவுக்கு எழுத்து தெரியாது. எங்கே இருக்கிறது என்று கேட்டார். பேகம் விரல் வைத்துக் காட்டினார்.

"இவ்ளோ நீட்டமா அவன் பேரு?" என்றார் சின்னக்கண்ணு.

ஆமாம் என்றார் பேகம். ரம்பம் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலை அந்தப் பெயரின் மேல் வைத்தவர், நேரம் முடிந்தது என்று வார்டர் வந்து தோளைத் தொடுகிறவரை எடுக்கவில்லை.