மழித்த கன்னம்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, காரைக்கால் பேருந்தில் அவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். கருக்களாச்சேரி மீனவர். வெயிலில் கறுத்த முகத்தை மீசைகூட இல்லாமல் வழவழவென்று மழித்திருந்தார். மடியில் ஒன்றரை வயது மகள். அவள் கையை எடுத்து அடிக்கடி தன் கன்னத்தில் தேய்த்துக்கொண்டார்.

“தாடியோட கரைக்கு வந்தன்னைக்கு என்னப் பாத்து வீல்னு கத்திட்டா சார். மடிக்கு வரவே ஒரு மாசம் ஆச்சு.”

“நீங்க மறுபடி கடலுக்குப் போனா தாடி வளந்துடுமே?”

சட்டைப்பையிலிருந்து புது ரேசரை எடுத்துக் காட்டினார்.

“தினம் போட்டுலயே வழிச்சிருவேன். கூட இருக்கறவனுவ, ‘என்னா மாப்ள, பொண்ணு பாக்கப் போறியா’ம்பானுவ. சொல்லிட்டுப் போறானுவ. இவ மறக்காம இருந்தா போதுங்க.”

தடைக்காலம் முடியும் தேதி நாளிதழில் வரும்போதெல்லாம், ஆடுகிற படகில் கன்னம் கீறாமல் எப்படி மழிக்கிறாரோ என்று நினைத்துக்கொள்கிறேன்.