ஒரு தடவைதான் கேட்கணும்

செல்வராணி மேடம் போய்விட்டார்.

காலையில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டம்மா போன் செய்தார். "அக்கா, நம்ம எஸ்.ஐ. அம்மா தவறிட்டாக... நெஞ்சு வலின்னு தேனிக்குக் கொண்டு போனாக, வழியிலயே..." யாரு, எந்த அம்மா என்று மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னார்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மகளிர் காவல் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர்.

சின்னப் பிள்ளைகளிடம் யாராவது தப்பாக நடந்துகொண்டால், அந்தப் பிள்ளையிடம் போய் வாக்குமூலம் வாங்குவது அவர் வேலை. பிள்ளைக்குத் துணையாகக் கூடவே இருப்பது என் வேலை. போக்சோ கேஸ் என்றால் நாங்கள் இரண்டு பேரும்தான் போவோம்.

யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பது சட்டம். அதற்கென்றே பூப்போட்ட சேலை சிலது வைத்திருந்தார்... என்ன கட்டினாலும் நடை மட்டும் காக்கி நடைதான். "மேடம், பரேடுக்கா போறோம்?" என்று கிண்டல் செய்தால் முறைப்பார். அப்புறமும் அதே நடைதான்.

ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு மினி பஸ் ஏறுவோம். "வாசல்ல ஜீப் நின்னா, பிள்ள வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி ஊரு பேசி முடிச்சிரும்மா" என்பார்.

இன்று முழுக்க ஒரு பிள்ளை ஞாபகமாகவே இருக்கிறது. பேரோ ஊரோ சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. மூன்றாம் வகுப்பு... திராட்சைத் தோட்டத்து வீடு.

வீட்டுக்குள் பேச மாட்டேன் என்றது. பந்தலுக்கு அடியில் போனோம். மேடம் மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதோடு சேர்ந்து உதிர்ந்து கிடந்த பழத்தைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஆத்தா. என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லு." அவ்வளவுதான் கேட்டார். பிறகு பழம் பொறுக்குவதிலேயே இருந்தார்.

பிள்ளை சொன்னது. அப்பாவின் பங்காளி ஒருவர் தோட்டத்து மோட்டார் ரூமில் செய்ததை, முதலிலிருந்து கடைசி வரை, திக்காமல் சொன்னது. சொல்லி முடித்ததும் "ஆடு கத்துது" என்று எழுந்து ஓடிவிட்டது.

மேடம் அதை அப்படியே எழுதினார். அதோடு விட்டிருக்கலாம்... விட்டார்களா?

அம்மா கேட்டார். அத்தை கேட்டார். பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். டாக்டர் கேட்டார், மாஜிஸ்திரேட் கேட்டார், "எதுக்கும் இன்னொரு தடவை" என்று மேலதிகாரி ஒருவர் வந்து கேட்டார். எல்லோரும் நல்லவர்கள்தான். சாக்லேட் கொடுத்துக் கேட்டவர்களும் உண்டு.

கோர்ட்டுக்குக் கேஸ் வரும்போது பிள்ளை ஐந்தாம் வகுப்பு. அங்கே யாரும் மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வியைச் சொல்ல, ஜட்ஜ் அம்மா பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன்மையாகத்தான் கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அவர்தானா?" ஆமா என்றது. சுற்றி வளைத்து மறுபடி அதே கேள்வி. ஆமா. மறுபடியும் அதே...

பிள்ளை என்னைப் பார்த்தது. பிறகு "இல்ல" என்றது.

அந்த ஆளுக்கு விடுதலை. ஊர் பஸ் ஸ்டாப்பில் சரவெடி போட்டார்கள். பாவிகள்.

கோர்ட் வராண்டாவில் மேடம் பிள்ளை பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவே இல்லை. அதுவாகத்தான் சொன்னது.

"திருப்பித் திருப்பிக் கேட்டாகல்ல... தப்பாச் சொன்னாத்தான டீச்சர் மறுபடி கேப்பாக? அதான் மாத்திச் சொன்னேன். இப்பச் சரியா?"

மேடம் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் வந்த கேஸ்களில் எல்லாம் ஒரே சண்டை. "நான் கேட்டாச்சு. பிள்ள சொல்லியாச்சு. எழுதிருக்கேன், வாசிங்க சார். ஒரு தடவதான் கேக்கணும்." ஒத்துழைக்கவில்லை என்று மெமோ கொடுத்தார்கள். முதலில் திருவிழா பந்தோபஸ்துக்கு அனுப்பினார்கள், அப்புறம் டிராஃபிக்குக்கே மாற்றிவிட்டார்கள்.

கடைசியாகப் பார்த்தது லோயர் கேம்ப் ரோட்டில், வெயிலில். "இங்கன நல்லாத்தான்மா இருக்கு. லாரிக்காரன்கிட்ட எத்தன தடவ கேட்டாலும் ஒரே பொய்யத்தான் சொல்றான்" என்று சிரித்தார்.

உடனே, "அந்தப் பிள்ள எங்கன இருக்கு?" என்றார். படிப்பை நிறுத்தி, மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டதைச் சொன்னேன். அந்த ஆள் அதே ஊரில்தான், அதே மோட்டார் ரூமுக்குத்தான் போய் வருகிறான் என்பதையும் சொன்னேன். மேடம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்கும் இந்த வேலையில் நம்பிக்கை போய்விட்டது. நாளைக்கும் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும்... இனி யாரை நினைத்துக்கொண்டு போவேன்?

இப்போது உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன் மேடம்.

ஏட்டம்மாவிடம் கேட்டது போதாதென்று உங்கள் மகளிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கே போன் போட்டும் கேட்டேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தர்கூட மாற்றிச் சொல்லவில்லை.

இனிமேல் கேட்கவில்லை. போய்ட்டு வாங்க மேடம்...