பதினோராம் இலக்கம்

“இலக்கம் 11. இரும்புக் குழாய், இரண்டு அடி. வைக்கும் இடம்: சாரதி ஆசனத்தின் கீழ். உபயோகம்: (அ) சக்கரத்தின் நட்டுகளைக் கழற்ற. (ஆ) தற்காப்புக்கு.”

சிங்களத்தில் எழுதிய ஒரு பட்டியலின் பதினோராவது வரி இது. எழுதியவன் நான். தாளின் அடியில் என் கையொப்பமும், ஒக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையின் தேதியும் இருக்கின்றன. மறுநாளே நுவரெலியாவுக்குப் போய் அதை லெமினேட் செய்துகொண்டு வந்தேன். இப்போது அந்தப் பிளாஸ்டிக்கின் ஒரு மூலை பிரிந்து, உள்ளே மழைநீர் இறங்கி, முதல் மூன்று இலக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன. பதினோராவது மட்டும் அச்சடித்ததுபோல் தெளிவாக இருக்கிறது. மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. வேறிடத்தில் வைக்கலாம். வைத்தும் பார்த்தேன். வைத்த இடம் நினைவில் இருப்பதால் அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பட்டியல் என் சின்னம்மாவின், பின்தட்டில் ஆள் ஏற்றும் கெப் வண்டிக்கு உரியது. சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிட நான்கே வயது மூத்தவர் என்பதால், சிறுவயதில் என்னை அடித்தவர்களில் முதலிடம் அவருக்குத்தான். சித்தப்பா ஓட்டிய வண்டி அது. சர்க்கரை நோயில் அவருடைய கண் மங்கியபிறகு சின்னம்மா ஓட்டத் தொடங்கினார். உடப்புசல்லாவைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஒன்பது பெண்களை ஏற்றிக்கொண்டு காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்படுவார். கொழுந்து பறிப்பதை விட்டு வெளியில் மரக்கறித் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போகிறவர்கள் அவர்கள். ஏழு மணிக்குள் லீக்ஸ் பாத்தியில் நிற்கவேண்டும், பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழியில் பொலிஸார் வண்டியை நிறுத்துவது வழக்கம். நிறுத்தினால் சின்னம்மாவின் ஆசனத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும், ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லவேண்டும். அதற்குள் ஏழு தாண்டிவிடும். இரண்டு முறை ஒன்பது பேரும் வேலை இல்லாமல் திரும்பி வந்தார்கள். “நீதான் ஆபீசுல சிங்களத்துல எழுதிக் கிழிச்சவனாச்சே, ஒரு லிஸ்ட்டு போட்டுத் தாடா. காட்டிட்டுப் போயிக்கிட்டே இருக்கேன்” என்று கேட்டார். தோட்டக் காரியாலயத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவனுக்கு இதைவிட மகிழ்ச்சியான வேலை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் சாக்கின்மேல் பரப்பினோம். வேலை இல்லாத நாளாகையால் அந்தப் பெண்களும் வேடிக்கை பார்க்க வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். காசு கொடுத்துக் கடையில் வாங்கிய பொருள் அவற்றில் பாதிகூட இல்லை. பிடுங்கிப்போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் வேர்க்கட்டையைச் செதுக்கி, ஏற்றத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையாக்கியிருந்தார். மூன்று நைலோன் சேலைகளை முறுக்கி இழுவைக் கயிறு செய்திருந்தார். அடி வெட்டிய தண்ணீர்ப் போத்தல் டீசல் ஊற்றும் புனல். காற்றுக்கு முறிந்து பாதையில் விழும் கிளைகளை வெட்ட ஒரு கவ்வாத்துக் கத்தி இருந்தது. குளவி கலைந்தால் நனைத்துப் போர்த்திக்கொள்ள நான்கு சாக்குகளும் ஒரு கான் தண்ணீரும். காலில் ஏறும் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் சேர்த்துக் கட்டிய துணிமுடிச்சு. ஒரு பவுடர் டின்னில் மிளகாய்த்தூள் இருந்தது. அதன் உபயோகத்தைக் கேட்டபோது, “சம்பலுக்கு” என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். சம்பலுக்கு என்றே எழுதினேன். பிறகு காகிதத்தில் சுற்றிய பாதி உருளைக்கிழங்கு ஒன்று வந்தது.

“இதையுமா எழுதணும்?”

“எழுது. வைப்பர் ஓடாத அன்னைக்கி அதுதான் வைப்பர். கண்ணாடில தேய்ச்சா தண்ணி நிக்காது.”

“மிச்சப் பாதி எங்க?”

“அதக் கறி வச்சு உங்க சித்தப்பா தின்னுட்டாரு.”

குழாய் கடைசியில்தான் வந்தது. வீல் ஸ்பானரின் வாலில் அதைச் சொருகி அமுக்கினால் எந்த இறுகிய நட்டும் பேசாமல் வந்துவிடும் என்று செய்தே காட்டினார். உண்மைதான். ஆனால் அதன் ஒரு முனையில், கை பிடிக்கும் அளவுக்கு, சைக்கிள் டியூப் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. நட்டுக் கழற்றுவதற்கு டியூப் எதற்கு என்று கேட்டேன். வண்டியில் வரும் பெண்களில் ஒருத்தி, “அது மனுச நட்டுக்குங்க ஐயா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தார், மற்றவர்கள் சிரித்து முடித்தபிறகு. அந்தத் தாமதத்தைக் கவனித்தேன். கவனித்தும், அது என்னவென்று கேட்காமல், (ஆ) என்று போட்டு அடுத்த உபயோகத்தை எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மிளகாய்த்தூளைச் சம்பலுக்கு என்று எழுதியவனும் நான்தானே. அது முழுமைப் பித்து என்றே இப்போது நினைக்கிறேன். ஒரு பொருளுக்கு இரண்டு உபயோகம் இருந்தால் இரண்டையும் எழுதாமல் என் கை ஓயாது. செவ்வாய்க்கிழமை விடியலில் பட்டியலைக் கொடுத்து வரிவரியாகத் தமிழில் சொன்னபோது சின்னம்மா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “அந்தக் குழாயில ரெண்டாவது வேணாம்டா. அடிச்சிரு” என்றார். பிளாஸ்டிக் போட்டாகிவிட்டது, அடிக்க முடியாது, வேறொரு பிரதி எழுதித் தருகிறேன் என்றேன். அன்றைய நாட்குறிப்பில் “புதிய பிரதி” என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். பிரதி எழுதவில்லை.

மூன்று வாரம் பட்டியல் நன்றாகவே வேலை செய்தது. உருளைக்கிழங்கு வரியைப் படித்துச் சிரித்துவிட்டுப் பொலிஸார் வண்டியை விட்டார்களாம். நான்காவது வாரம் புதிதாக ஒரு சார்ஜன் நின்றிருந்தார். பண்பான மனிதர், அம்மா என்றுதான் சின்னம்மாவை அழைத்தார் என்று பெண்கள் சொன்னார்கள். முதலிலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தவர் பதினோராவதில் நின்று, தற்காப்புக்கு நான் எழுதியிருந்த ‘ஆத்மாரக்ஷாவ’ என்ற சிங்களச் சொல்லின்மேல் விரலை வைத்து, “யாரிடமிருந்து?” என்று கேட்டிருக்கிறார். யாராவது தொந்தரவு செய்தால் முறைப்பாடு எழுதலாமே, எழுதியிருக்கிறீர்களா என்றும் கேட்டிருக்கிறார். சின்னம்மா பதில் சொல்லவில்லை. வாய் மூடத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். வண்டியில் ஒன்பது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். ஆயுதம் என்று வண்டிக்காரரே எழுதி வைத்திருக்கும்போது சார்ஜன்தான் என்ன செய்வார்? குழாயையும் கவ்வாத்துக் கத்தியையும் எடுத்துக்கொண்டு, சின்னம்மாவைப் பின்னேரம்வரை பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். பிறகு விசாரணைக்கு இரண்டு தவணை நீதிமன்றத்தில் போய் நின்றார். எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று சின்னம்மா வண்டியைக் காலி செய்தார். சேலைக்கயிறு கோழிக்கூட்டுக்குப் போயிற்று, சாக்குகள் விறகு மூட்டைக்கு. வேர்க்கட்டையையும் ஸ்பானரையும் மட்டும் விட்டுவைத்தார். பட்டியலை என் கையில் திருப்பித் தந்தார். “இந்தா, வச்சுக்க. வண்டியில இருந்ததெல்லாம் இப்ப இதுலதான் இருக்கு.” அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

பெப்ரவரி மாதத்து மூன்றாம் வெள்ளி, வேலை முடிந்து திரும்பும் வழியில், எங்கள் தோட்டத்துக்கு இரண்டு வளைவு கீழே பின்சக்கரம் காற்றிறங்கிவிட்டது. மாலை ஐந்து மணி. பனிமூட்டம். நான்கு நட்டுகள் கழன்றன, ஐந்தாவது அசையவில்லை. ஸ்பானரின்மேல் இரண்டு பெண்கள் மாறி மாறி ஏறி நின்றும் பார்த்தார்களாம். மழை தொடங்கியதும், பிள்ளைகள் காத்திருப்பார்கள், குறுக்குப்பாதையில் நடந்துபோங்கள் என்று எல்லோரையும் சின்னம்மா அனுப்பிவிட்டார். டாங்கியில் டீசல் இருந்தது. டீசல் தட்டுப்பாட்டில் வரிசைகள் நின்ற காலத்திலிருந்தே, திருட்டுக்குப் பயந்து, வண்டியைத் தனியே விட்டுப்போகிற வழக்கம் அவருக்கு இல்லை. பெண்கள் வந்து சொன்னபோது ஐந்து ஐம்பது. வீட்டுக் கொல்லையில் தண்ணீர்க் குழாயின் மிச்சத் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். இறக்கத்தில் ஓடுகிற வயது எனக்கு இல்லை. ஓடினேன்.

சின்னம்மா வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். இடக்கையை வலக்கையால் தாங்கியிருந்தார். சாரதிப் பக்கத்துக் கண்ணாடியில் சிலந்திவலைபோல் விரிசல். “வழுக்கி விழுந்துட்டேன்” என்றார், நான் கேட்பதற்கு முன்பே. டீசல் இருந்தது, டாங்கியின் மூடியும் இருந்தது. ஸ்பானரைத்தான் காணவில்லை. பாதைக்குக் கீழே நான்காவது தேயிலை வரிசையில், செடியின் தலையில் செருகிக்கொண்டு கிடந்தது. எடுத்துவந்து குழாயைச் சொருகி அமுக்கினேன். ஐந்தாவது நட்டு முதல் அமுக்கிலேயே திரும்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சின்னம்மா முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தோளில் எலும்பு முறிந்திருந்தது. சரியாகப் பொருந்தவில்லை. இன்றும் இடக்கை தோளுக்குமேல் உயர்வதில்லை. கெப்பை விற்றாயிற்று. அந்த ஒன்பது பெண்களில் ஐந்து பேர் மறுபடி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள், மற்றவர்கள் விடியலில் சந்திவரை நடந்து பஸ் பிடிக்கிறார்கள். சின்னம்மாவுக்குச் சித்தப்பாதான் தலைபின்னிவிடுகிறார், கண் தெரியாமலே, விரலால் எண்ணி.

இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டேன். முதல் தடவை, வழுக்கி விழுந்தேன் என்ற அதே பதில். இரண்டாம் தடவை, காற்றில் கதவு வந்து அடித்தது என்றார். அன்று மழை இருந்தது, காற்று இல்லை, என் குறிப்பில் இருக்கிறது. ஸ்பானர் எப்படி நான்கு வரிசை தாண்டிப் போயிற்று என்று கேட்டதற்கு, “கோவத்துல எறிஞ்சேன், போதுமா?” என்றார். சென்ற ஞாயிறு மூன்றாம் தடவை. சித்தப்பா பின்னிக்கொண்டிருந்தார். சார்ஜன் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன், யாரிடமிருந்து என்று. பட்டியல் எழுதிய அன்றே கேட்டிருக்கவேண்டியது. அன்று பொருளுக்கு ஒரு நிரல், இடத்துக்கு ஒரு நிரல், உபயோகத்துக்கு ஒரு நிரல் போட்டேன், இதற்கு ஒரு நிரல் போடத் தோன்றவில்லை.

சித்தப்பாவின் விரல்கள் நின்றன. சின்னம்மா என்னைப் பார்த்தார்.

“சொன்னா எங்கடா எழுதுவ? (இ)ன்னு போட்டா?”

பிறகு, “நீங்க பின்னுங்க” என்று சித்தப்பாவிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து, பதினோராம் இலக்கத்தின் இரண்டாவது உபயோகத்தை அடித்துவிடப் பார்த்தேன். பிளாஸ்டிக்கின்மேல் பேனா பிடிக்கவில்லை. மை திரண்டு, விரல் பட்டதும் அழிந்துபோயிற்று. அதன்பின் பெப்ரவரி மாதத்து மூன்றாம் வெள்ளியின் நாட்குறிப்பைத் திறந்தேன். “சின்னம்மா வழுக்கி விழுந்தார்” என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த ஞாயிற்றின் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறேன்: பெண்கள் புறப்பட்டதற்கும் நான் போய்ச் சேர்ந்ததற்கும் இடையில் அந்த வளைவுக்கு வேறு யாராவது வந்தார்களா என்பது உறுதி செய்யப்படவில்லை.