சித்தி இளைத்த கதை

இந்தச் சித்திரையில், கம்பம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்ஸுக்காக நின்றபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. என் போனில் சித்தியின் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று தை மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் எடுத்தது, இன்னொன்று அன்று காலை எடுத்தது. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி 'முன்', 'பின்' என்று எழுதினால் போதுமே! பஸ் வருவதற்குள் செய்து முடித்து எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். வேலை தேடிக்கொண்டிருந்தபோது, உடம்பைக் குறைக்கும் சத்துப் பொடியை வாட்ஸ்அப்பில் விற்கும் குழுவில் சேர்ந்தேன். என்னிடம் முதலில் வாங்கியவர் சித்தி. அம்மாவின் தங்கை, திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவர். முழங்கால் வலிக்கு எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். "நீ படிச்ச புள்ள, கெட்டதையா குடுப்ப?" என்று வாங்கிக்கொண்டார்.

ஒன்றரை மாதத்தில் மளமளவென்று இளைத்தார். ரவிக்கைகள் தொளதொளத்தன. தோட்டத்துப் பெண்கள் விடுவார்களா? "ஏண்டி, ஒம் புருசன் வேற வீடுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிரப் போறாக!" சித்தி சிரித்துக்கொண்டே இன்னொரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திக்கு அடங்காத தாகம். தோட்டத்துக்கு எடுத்துப்போகும் பெரிய கேன் மதியத்துக்குள் காலியாகும். அடிக்கடி ஒதுங்க வேண்டியிருந்தது. திராட்சைப் பந்தலுக்குக் கையைத் தூக்கி நிற்க முடியவில்லை என்றார். எங்கள் குழுவில் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. தாகம் எடுத்தால் பொடி வேலை செய்கிறது, சிறுநீர் அதிகம் போனால் நச்சு வெளியேறுகிறது, சோர்ந்தால் கொழுப்பு கரைகிறது. நான் வரி விடாமல் படித்துக் காட்டினேன். "அப்பச் சரியாத்தேன் போகுது" என்றார் சித்தி.

வைகாசியில் ஒரு நாள் தோட்டத்திலேயே மயங்கி விழுந்தார். தேனி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பரிசோதிக்கிற கருவியால் எண்ணைக் காட்ட முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. எப்போதிருந்து தாகம் என்று டாக்டர் கேட்டார். என்னிடம் எல்லாம் இருந்தது. குழுவுக்கு அனுப்புவதற்காக எடை, தண்ணீர், சோர்வு எல்லாவற்றையும் தினமும் போனில் குறித்திருந்தேன். அவர் மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "இவ்வளவு குறிச்சிருக்கீங்க. ஒரு தடவ சுகர் பாத்திருக்கலாமேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் சித்திக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பொடி மேல தப்பில்ல ஆத்தா. நாந்தேன் ரெண்டு நாளு குடிக்க மறந்துட்டேன். ஒங்கம்மாட்டச் சொல்லிராத, ஒன்னைய வைவா."

நான்காம் நாள் போய்விட்டார்.

நடந்ததையெல்லாம் குழுவில் எழுதினேன். "அவங்க முறையா எடுத்திருக்க மாட்டாங்க மேடம்" என்று தலைவியிடமிருந்து பதில் வந்தது. அடுத்த நிமிடம் என்னை நீக்கிவிட்டார்கள். படம் மட்டும் நிற்கவில்லை. போன வாரம் குமுளிப் பக்கத்துத் தோழி ஒருத்தி, மலையாள எழுத்துகளோடு அதை எனக்கே அனுப்பி, "நல்லா இருக்குமா?" என்று கேட்டாள்.

அந்தப் படத்தைப் பார்த்து என்னிடம் பொடி வாங்கியவர்கள் பதினோரு பேர். ஞாயிறுதோறும் அவர்கள் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சிலர் டப்பாவைத் தூக்கிப் போட்டார்கள். "என்னாத்தா, வேற கம்பெனிக்கு மாறிட்டியா?" என்று ஒரு அக்கா வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். பாக்கி இருப்பது தேவாரத்தில் வளையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாதான். இன்று போனில் பேசினேன். "சூப்பரா வேல செய்யுது பாப்பா, எந்நேரமும் தண்ணி தண்ணின்னு தவிக்குது!" என்றார். உடனே சுகர் பாருங்கள் என்றேன், சிரித்தார்.

நாளைக் காலை முதல் வேலையாகத் தேவாரம் போகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர மறுத்தால் அவர் கடையிலேயே உட்கார்ந்துவிடுவது என்று இருக்கிறேன். கவனிக்காமல் விட்டிருந்தால்கூட மனதுக்கு ஒரு சமாதானம் கிடைத்திருக்கும். நானோ சித்தியைத் தினமும் கவனித்து, தினமும் எழுதி, தினமும் சந்தோஷப்பட்டேன்.