என்னைத் தவிர எல்லாரும் பார்த்த கெண்டை

மலாயாவில், குளுவாங்கிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையில், காட்டை ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பாலம் இருந்தது. அதன் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பலகை வீடு ஒன்று. கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் அங்கேதான் குடியிருந்தோம். நான் அப்போது ரயில்வேயில் கீமேன். தினமும் காலையில் சுத்தியலையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்து போய், கழன்ற ஆப்பை அடித்து, தளர்ந்த போல்ட்டை முடுக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். பாலத்திலிருந்து வடக்குப் பக்கம் முழுக்க என் பொறுப்பு. அதனால் வேலைக்குக் கிளம்பினாலே பாலத்துக்கு முதுகைக் காட்டித்தான் கிளம்புவேன்.

பாலத்தடியில் ஓர் ஓடை. மலைக்காட்டிலிருந்து வரும் தண்ணீர், குடித்தால் பல் கூசும். பாலத்துக்குக் கீழே ஓர் ஆழமான மடு, அதற்குச் சற்று மேலே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் கூழாங்கல் பரப்பு. மடுவில் பெரிய பெரிய மீன்கள் நிற்கும். மலாய்க்காரர்கள் அதைத் தெங்காஸ் என்பார்கள். நாங்கள் கெண்டை என்று சொல்லிக்கொண்டோம்.

என் மனைவி, ரெங்கம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். விவரம் தெரிந்த நாள் முதல் பால்வெட்டுக்குப் போனவளுக்கு இங்கே செய்வதற்கு வேலையில்லை, பேசுவதற்கும் ஆளில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் காய்கறித் தோட்டம் போட்டிருந்த தலை நரைத்த சீனர் ஒருவர்தான் அக்கம்பக்கம். இவள் அவரை, முதலாளி என்ற பொருளில், 'தவுக்கே' என்பாள். அவர் இவளைத் 'தங்காச்சி' என்பார்.

முதல் வருஷம், தீபாவளி கழிந்து நல்ல மழை. மழை விட்டு இரண்டொரு நாள் ஆகியிருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன், வீட்டில் அடுப்பு எரியவில்லை. இவள் பாலத்தின் மேல் நின்றுகொண்டு, என்னைக் கண்டதும் கையை ஆட்டிக் கத்தினாள்.

"என்னாங்க, இவ்வளவு நேரமா வர்றது! போயிருச்சு, எல்லாம் போயிருச்சு!"

கோழிகள்தான் வெள்ளத்தோடு போய்விட்டன என்று நினைத்தேன். "எதுடி போயிருச்சு?"

"மீனுங்க! மடுவுல இருந்த அம்புட்டும் இந்தக் கல்லு மேல ஏறி வந்து முட்ட போட்டுச்சுங்க. தவுக்கேதான் கூப்பிட்டுக் காட்டினாரு. மத்தியானம் பூரா பாத்துக்கிட்டு நின்னோம். இப்பத்தான் எறங்கிப் போச்சு."

நான் எட்டிப் பார்த்தேன். கூழாங்கல்லும் தண்ணீரும்தான் இருந்தன. சில இடங்களில் கற்கள் புதிதாகக் கழுவி வைத்தாற்போல் வெளுத்துக் கிடந்தன.

சோறு ஆக்கும்போதும் அதே பேச்சு, பரிமாறும்போதும் அதே பேச்சு. கையைத் தட்டையாகப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்து விரல்களை வெடவெடவென்று ஆட்டிக் காட்டினாள். "பொம்பள மீனு இப்பிடிச் சாயுது, பாருங்க. சாஞ்சு வாலால கல்லத் தட்டுது. ஆம்பள மீனுங்க ரெண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கிட்டு நடுங்குதுங்க. தண்ணி பால் ஊத்தினாப்ல வெள்ளையாயிருது. ஐயோ, நீங்க பாத்திருக்கணும்!"

"மீனு முட்ட போடுறது பெரிய அதிசயமாக்கும்," என்றேன்.

சொன்னேனே தவிர, எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கூழாங்கல் பரப்பைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர் மொள்கிறேன், அதில்தான் குளிக்கிறேன். வந்து சில மாதம்கூட ஆகாதவள் பார்த்துவிட்டாள், நான் பார்க்கவில்லை.

மறுநாள் தவுக்கே கீரைக் கட்டு கொண்டுவந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் சேர்த்து மீன் மாதிரி துடிக்க வைத்து, "இக்கான்! வாஹ்!" என்றார். இவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். தவறாக எதையும் நினைக்க இடமில்லை, அவருக்கு என் அப்பா வயது. ஆனாலும் இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் மாதிரியும், நான் அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாதவன் மாதிரியும் இருந்தது. வாரக்கணக்கில் அந்தக் கையசைப்பு நடந்தது. கீரை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

அடுத்த வருஷம் தவற விடக்கூடாது என்று இருந்தேன். இவளுக்குத் தெரியாமல் தவுக்கேயிடமே போய் விசாரித்தேன். பெரிய மழை பெய்ய வேண்டும், கலங்கல் வடிந்து தண்ணீர் தெளிய வேண்டும், வெயில் கொஞ்சம் முகம் காட்ட வேண்டும், அப்போது ஏறும் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் என் கஷ்டம் எனக்கு விளங்கியது. பெரிய மழை பெய்தால் கீமேனுக்கு வீடு கிடையாது. கரை சரிந்திருக்கிறதா, தண்டவாளத்தின் கீழ் மண் அரித்திருக்கிறதா என்று வடக்கு எல்லைவரை போவதும் வருவதுமாக இருக்க வேண்டும். மழை விட்டாலும் மேஸ்திரி விடமாட்டார். தண்ணீர் வடியும்போதுதான் மண் சரியும் என்பார்.

அப்படியே ஆயிற்று. நான் தூரத்தில் ஒரு வெட்டுக்கரையில் மண்வெட்டியோடு நின்றிருந்த பகலில் மீன்கள் ஏறிவிட்டன. போதாததற்கு அன்றைக்குத்தான் இன்ஸ்பெக்டர் துரை டிராலியில் பாதை பார்க்க வந்திருக்கிறார். பாலத்தில் குனிந்து நின்றவளைப் பார்த்து டிராலியை நிறுத்தச் சொல்லி இறங்கினாராம்.

"தொரைகூடப் பாத்துட்டாருங்க," என்றாள். "தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, அந்த ஈரக் கட்டையிலயே ஒக்காந்துட்டாரு. டிராலி தள்ளுற ஆளுங்க நாலு பேரும் பாத்தாங்க."

"எல்லாரும் பாத்தாச்சு. சரி."

"அதுக்கு ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க? மீன என்ன, கயித்துல கட்டியா வைக்க முடியும்?"

அடுத்த வாரம் துரை என்னைப் பாதையில் கண்டு நின்றார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். வழக்கமாகச் சுத்தியலைப் பற்றியோ போல்ட்டைப் பற்றியோதான் பேசுவார். அன்றைக்குப் பேச்சே வேறாக இருந்தது. தன் ஊரில் ட்ரௌட் என்று ஒரு மீன் உண்டு என்றார். குளிர் காலத்தில் அது சின்னச் சின்ன ஓடைகளுக்கு ஏறி, கல்லைப் பறித்து முட்டையிடுமாம். சின்ன வயதில் பனியில் படுத்துக்கிடந்து பார்ப்பாராம். இந்த நாட்டில் அப்படி ஒன்றைப் பார்ப்போம் என்று நினைக்கவே இல்லை என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிப் போயிற்று.

"நீ வீடு அங்கே. நீ எல்லா வருஷமும் பாக்குது, இல்லை?"

"பாப்பேங்க தொரை," என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதோடு நிற்காமல், கையைத் தட்டையாகப் பிடித்துச் சாய்த்து, விரலை ஆட்டி, பால் ஊற்றினாற்போல் தண்ணீர் வெளுப்பதுவரை சொல்லிவிட்டேன். துரை, "ஆமா, ஆமா, அதுதான்," என்று தலையாட்டினார். டிராலி தள்ளும் ஆட்கள் மூலம் இது இவள் காதுக்கு வந்தது. சிரித்துச் சிரித்து இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் பாத்தத நீங்க சொன்னீங்களா? அதுவும் என் கைய மாதிரியே ஆட்டிக்கிட்டு?"

இரண்டு நாள் நான் இவளோடு பேசவில்லை.

மூன்றாவது வருஷம் இவள் பிள்ளைத்தாய்ச்சி. தலைப்பிரசவத்துக்கு ரெங்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ரயில் ஏறும்போது, "மீனு வந்தா தவுக்கேகிட்டக் கேட்டு வையிங்க," என்றாள். நான் பார்ப்பேன் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்தது.

அந்த வருஷ மழை கொட்டித் தீர்த்துவிட்டது. பாலத்துக்குத் தெற்கே நெடுந்தூரத்தில் கரை உடைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயில் நின்றுபோயிற்று. கேங் ஆட்கள் எல்லாரையும் மேஸ்திரி அங்கே கொண்டுபோனார். என்னிடம், "நீ பாலத்த விட்டு நகராத. தண்ணி ஏறுதா, தூணு ஆடுதான்னு பாத்துக்கிட்டே இரு," என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த வேலை என்னை இத்தனை நாள் பாலத்திலிருந்து விரட்டியதோ அதே வேலை என்னை அங்கே உட்கார வைத்தது.

தண்ணீர் ஏறவில்லை. மெல்ல வடிந்து, தேநீர் நிறத்திலிருந்து தெளிய ஆரம்பித்தது. மறுநாள் காலை வெயில் வந்தது. பாலத்தின் மேலிருந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. கரையில் இறங்கி, ஈரப் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டேன். அட்டை ஏறியது, பிடுங்கிப் போட்டேன். இன்னொன்று ஏறியதை விட்டுவிட்டேன்.

முதலில் ஒரு முதுகு தெரிந்தது. பழைய பித்தளை நிறம். அது பெண். கல்லின் மேல் ஏறும்போது முதுகு முழுக்கத் தண்ணீருக்கு வெளியே இருந்தது. அதன் பின்னால் ஒல்லியான ஆண் மீன்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தன. பெண் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாலால் கல்லை அடித்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம். கூழாங்கல் தெறித்து உருண்டது. இரண்டு ஆண்கள் இருபுறமும் நெருங்கி, மூன்றும் சேர்ந்து நடுங்கின. தண்ணீரில் வெள்ளையாக ஒரு புகை கிளம்பி நீண்டு கரைந்து போனது. பொடி மீன்கள் எங்கிருந்தோ பாய்ந்து வந்து முட்டையைப் பொறுக்கின. ஓர் ஆண் அவற்றைத் துரத்திக்கொண்டு போய், திரும்பி வருவதற்குள் அதன் இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டது. என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பெரிய ஆண் நின்றது. அதன் மூக்கின்மேல் ரவையை ஒட்டவைத்தது போல வெள்ளை வெள்ளையாகப் பொரிகள் இருந்தன.

மூச்சுவிடவே பயமாக இருந்தது. இவ்வளவையுமா இவள் இரண்டு வருஷமாகத் தனக்கென்று வைத்திருந்தாள் என்று நினைத்தேன். இத்தனை நாளும் பட்ட பொறாமைக்கு நியாயம் உண்டு என்றுதான் தோன்றியது.

பின்னால் ஆள் வரும் சத்தம் கேட்டது. தவுக்கே வந்து குந்தி உட்கார்ந்தார். இருவரும் வெகுநேரம் பார்த்தோம். பிறகு அவர் பெருமூச்சுவிட்டு மலாயில் சொன்னார்: "போன வருஷம் இதைவிடப் பெருசு. இன்னும் நிறைய. பாவம், தங்காச்சி இல்லை."

வெறும் கையால் அவரை ஓடையில் தள்ளியிருப்பேன்.

பாதை சீரானதும் லீவு கேட்டுக்கொண்டு ரெங்கம் போனேன். பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையைக் கையில் வாங்கினேன், நெற்றியில் முத்தமிட்டேன், எல்லாம் முறைப்படி செய்தேன். ஆனால் மாமியார் அடுப்படிக்குப் போன மறுநிமிஷம் என்னால் அடக்க முடியவில்லை.

"மீனப் பாத்துட்டேன்."

"எந்த மீன?" என்றவள் உடனே புரிந்துகொண்டாள். "பொய்."

"பொய்யில்ல. கரையில படுத்துக்கிட்டுப் பாத்தேன். இந்தா, இவ்வளவு கிட்ட."

கோர்ட்டில் விசாரிப்பது மாதிரி விசாரித்தாள். எந்தக் கல் பக்கம் ஏறியது, பெண் எந்த நிறம், ஆண்கள் எந்தப் பக்கம் வந்து ஒட்டின என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் மூக்கின் மேல் இருந்த வெள்ளைப் பொரிகளைச் சொன்னபோது அவள் முகம் மாறிவிட்டது.

"பொரியா? மூக்கு மேலயா?"

"ஆமா, ரவை மாதிரி. ஏன், நீ பாக்கலியா?"

பாலத்தின் மேல் நின்று பார்த்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நான் இங்க இடுப்பு வலியில கத்திக்கிட்டுக் கெடந்திருக்கேன். நீங்க அங்க சொகமாப் படுத்துக்கிட்டு மீன் பாத்திருக்கீங்க. நான் இல்லாத நேரமாப் பாத்து அது வரணுமாக்கும்."

"மீன என்ன, கயித்துல கட்டியா வைக்க முடியும்?" என்றேன்.

அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. மாமியார் பெண் பிறந்ததற்காக நான் முகம் சுளித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, என் தட்டில் சோற்றைத் தொப்பென்று போட்டார். ஊருக்குத் திரும்பும் ரயிலில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

அதற்கடுத்த வருஷம், சொன்னால் நம்பமாட்டீர்கள், நாங்கள் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் எனக்கு ஓய்வு எழுதிக் கொடுத்திருந்தார். காய்ச்சலும் உண்மைதான். கம்பளியைச் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். அவள் வந்ததும் வராததுமாகக் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் போன வருஷம் படுத்த அதே புல்லில் குப்புறப் படுத்தாள்.

"அந்தா, பொரி! இருக்குங்க, இருக்கு! ஐயோ, என்னா அழகு!"

மீன்கள் அந்த முறைதான் மிக அதிகம் என்று தவுக்கே பிறகு சொன்னார். எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. குழந்தை என் கம்பளியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நான் மீனைப் பார்க்காமல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் தவுக்கேயோடு நின்று பார்த்தபோதும் இப்படித்தான் முகம் மலர்ந்திருப்பாளா, இல்லை அன்றைக்கு இதைவிட அதிகமா என்று யோசனை ஓடியது. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சும்மா இருங்க," என்றாள், தலையைத் திருப்பாமலே. "சத்தம் போட்டா ஓடிரும்."